உதவி தேவை: கிளி, நாய், முயலுடன் வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறோம், கிளியின் தாள்கள் போதவில்லை என்கிறார்கள்

மரகதச்சிறகு:
அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் குடும்பத்துடன் வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறோம். இன்னும் ஒன்பது வாரங்கள்தாம் இருக்கின்றன. எங்களுடன் ஒரு கிளியும் ஒரு நாயும் ஒரு முயலும் வர வேண்டும். விமானச் சீட்டு எடுத்தாயிற்று, பெட்டிகளும் வாங்கியாயிற்று. ஆனால் கிளியின் தாள்கள் போதவில்லை என்று சொல்லிச் சரக்கு முகவர் இன்று காலை முன்பதிவை மறுத்துவிட்டார். எந்தத் தாள் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. நாய்க்கு எல்லாம் முடிந்துவிட்டது. ரேபிஸ் தடுப்பூசி போட்டு, நான்கு நாள் கழித்து மைக்ரோசிப்பும் வைத்தாயிற்று. கிளிக்கு மட்டும் என்ன செய்ய வேண்டும் என்று தயவுசெய்து உடனே சொல்லுங்கள். மகள் காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

வெண்முயல்:
எந்த நாட்டுக்குப் போகிறீர்கள்? என்ன இனக் கிளி? வயது என்ன? காலில் எண் பொறித்த அடையாள வளையம் உண்டா? இந்த நான்கும் தெரியாமல் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியா என்றால், நியூசிலாந்தைத் தவிர வேறெங்கிருந்தும் வளர்ப்புப் பறவைகளை அவர்கள் ஏற்பதில்லை. அங்கே தாள்களைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

பச்சைவால்:
தாள்கள் எப்படியும் வந்து சேரும், முதலில் பெட்டியைக் கவனியுங்கள். பயணத்தில் பறவைக்கு வரும் துன்பத்தில் பெரும்பகுதி பெட்டியால்தான் வருகிறது என்பது என் உறுதியான கருத்து. கிளி கடித்துத் துளைக்க முடியாத கம்பி வலையும், வால் தரையில் படாத உயரத்தில் சொரசொரப்பான மரக்குச்சியும் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் எப்படியும் கவிழும் என்பதால் கூடவே ஆப்பிள் துண்டோ வெள்ளரித் துண்டோ வையுங்கள். பெட்டியை இன்றைக்கே கூண்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்துவிடுங்கள். என் கிளி முதல் மூன்று நாள் கதவுக் கீலை மட்டும் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் தலையை உள்ளே நீட்டியது. இரண்டாம் வாரத்தில் தானாகவே உள்ளே போய்க் குச்சியில் உட்கார்ந்து ஒற்றைக்காலில் தூங்கியது.

நெடுமரம்:
பயண நாளைக் குறித்துவிட்டுப் பிறகு விதிகளைக் கேட்பவர்களை இங்கே பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வரிசை நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். முகவர் கேட்பது சைட்டீஸ் அனுமதியைத்தான், அதாவது அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் அனுமதியை. அதை அறியாமல் கிளி வளர்ப்பதே சரியன்று. 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கை, ஏறத்தாழ எல்லாக் கிளி இனங்களையும் தன் பட்டியல்களில் வைத்திருக்கிறது. விலக்கு நான்குக்கு மட்டுமே: பட்ஜி, காக்கட்டீல், முகம் சிவந்த லவ் பேர்ட், செந்தார்ப் பைங்கிளி. உங்கள் கிளி இந்த நான்கில் ஒன்றா என்பதைச் சொல்லாமல் "என்ன தாள்" என்று கேட்டால், யாரால் என்ன சொல்ல இயலும்?

மரகதச்சிறகு:
மன்னிக்கவும், ஐயா. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, ஆறு வயது, காலில் வளையம் இருக்கிறது. போவது ஐரோப்பிய ஒன்றியத்து நாடு ஒன்றுக்கு. கிளியை விற்றவர் கொடுத்த ரசீதைத் தவிர வேறு தாள் எதுவும் என்னிடம் இல்லை. இரவு வந்து எல்லாவற்றையும் படிக்கிறேன்.

கடல்தாண்டி:
சாம்பல் கிளி என்பதால்தான் முகவர் தயங்கியிருக்கிறார். 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் மாநாட்டில் அந்த இனத்தை, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு மாற்றினார்கள். 2017 ஜனவரி 2 முதல் அது நடப்பில் இருக்கிறது. உங்கள் கிளி அதற்குப் பிறகு பிறந்தது. ஆகவே, போகும் நாட்டின் இறக்குமதி அனுமதி, புறப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி ஆகிய இரண்டும் வேண்டும். முதலில் இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அதைக் காட்டினால்தான் ஏற்றுமதி அனுமதி கிடைக்கும். ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்கு மட்டுமே செல்லும். விற்றவரிடம் உடனே பேசி, கிளி கூண்டில் வளர்ந்த பெற்றோருக்குப் பிறந்தது என்பதற்கான எழுத்துச் சான்றைப் பெறுங்கள். ரசீது அதற்கு ஈடாகாது.

வளையத்தின் எண்ணைப் பகல் வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படியுங்கள். என் கிளியின் வளையம் தேய்ந்துபோயிருந்ததால் 8 என்ற எண்ணை 3 என்று படித்து விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். அனுமதியில் ஓர் எண், காலில் வேறோர் எண். புறப்படும் நாளன்று சுங்கச் சோதனையில் கிளியை நிறுத்திவிட்டார்கள். அனுமதியைத் திருத்தி வாங்கும்வரை, கிட்டத்தட்ட ஒரு மாதம், அதை நண்பர் வீட்டில் விட வேண்டியதாயிற்று. அந்த ஒரு மாதத்தில் அது மார்புச் சிறகுகளை முழுக்கப் பிடுங்கிக்கொண்டது. இன்றுவரை அந்த இடம் சரியாக மூடவில்லை.

மருந்தகத்துணை:
கால்நடை மருத்துவமனையில் வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லாரும் கிளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், சிக்கல் நாயிடமும் இருக்கிறது. தடுப்பூசிக்குப் பிறகு மைக்ரோசிப் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சிப் முதலில் இருக்க வேண்டும், அல்லது அதே நாளிலாவது வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் போட்ட ரேபிஸ் ஊசி கணக்கில் சேராது. ஆகவே மறுபடியும் ஊசி போட வேண்டும். நீங்கள் இருக்கும் நாடு, ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக ஒன்றியம் ஏற்ற நாடுகளின் பட்டியலில் இருந்தால் 21 நாள் காத்திருப்பதோடு முடிந்துவிடும். பட்டியலில் இல்லையென்றால், ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பிறகு இரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருப்பதாக முடிவு வர வேண்டும். அதன்மேல், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஒன்பது வாரத்தில் இது நடக்காது.

பச்சைவால்:
புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு லேசான மயக்க மருந்து கொடுத்தால் மூன்றும் அமைதியாகப் பயணம் செய்யும். நான் அப்படித்தான் கொண்டுவந்தேன், ஒரு குறையும் நேரவில்லை.

மருந்தகத்துணை:
இதை யாரும் பின்பற்ற வேண்டாம். பறவைகளுக்கு மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்றுப் பைகளுக்குள் காற்று போய்வரும். மயக்கத்தில் தசை தளர்ந்தால் மூச்சே தடுமாறும். குச்சியைப் பற்றிய பிடியும் நழுவும். நாய்க்கோ இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் நிலை தவறக்கூடும், நடுவானில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

பச்சைவால்:
எனக்கு அந்த மருந்தை எழுதிக் கொடுத்தவரும் மருத்துவர்தாம். பயந்து சிறகடித்து உடம்பெல்லாம் காயப்பட்டு வரும் பறவையை நீங்கள் பார்த்ததில்லை போலும்.

மருந்தகத்துணை:
பார்த்திருக்கிறேன். மூச்சு நின்ற நிலையில் பெட்டியிலிருந்து எடுத்த பறவையையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதற்கு மருத்துவம் இல்லை. அச்சத்தைக் குறைக்க, நீங்களே மேலே எழுதிய அந்த இரண்டு வாரப் பெட்டிப் பழக்கத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நெடுமரம்:
சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள். கிளியைக் குறித்து இன்னொன்றும் இருக்கிறது. சைட்டீஸ் முடிந்தாலும் பறவைக் காய்ச்சல் விதி தனியாக நிற்கும். ஐந்து பறவைகள் வரை சொந்த வளர்ப்பாகக் கொண்டுபோகலாம். புறப்படும் முன் 14 நாள் தனிமையில் வைத்துச் சோதனை செய்வது ஒரு வழி, சேரும் நாட்டில் 30 நாள் காப்பகத்தில் விடுவது இன்னொரு வழி. எது பொருந்தும் என்பதைப் போகும் நாட்டின் கால்நடைத் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பாதீர்கள்.

வெண்முயல்:
முயலை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாய், பூனைக்கு இருப்பதைப் போன்ற பொது விதி முயலுக்கு இல்லை, ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்கிறது. வழியில் பிரிட்டனில் இறக்கி ஏற்றும் விமானமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அங்கே நுழையும் முயலை நான்கு மாதம் தனிமையில் வைப்பார்கள்.

கடல்தாண்டி:
முன்னால் போய்விட்டுப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். உரிமையாளரின் பயணத்துக்கும் விலங்கின் பயணத்துக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் போனால், சொந்த வளர்ப்பு என்ற கணக்கிலிருந்து விலகி வணிகக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். வீட்டில் ஒருவர் பின்தங்கி, தாள்கள் அவர் பெயரில் இருந்து, அவரோடு மூன்றும் வருவதுதான் வழி.

மரகதச்சிறகு:
எல்லாருக்கும் நன்றி. எங்கள் நாடு அந்த ரேபிஸ் பட்டியலில் இல்லை. இன்று காலை நாய்க்கு மறுபடியும் ஊசி போட்டுவிட்டோம். நான் மட்டும் முதலில் போகிறேன். மனைவியும் மகளும் மூன்றையும் அழைத்துக்கொண்டு தாள்கள் வந்த பிறகு வருவார்கள். விற்றவர் சான்று தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வளையத்தை மகள் கண்ணாடி வைத்துப் படித்தாள். ரசீதில் 3 என்று இருப்பது உண்மையில் 8.