கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சாப்பாடும் சனி ஞாயிறும்

வந்து ஆறு வாரம் ஆகிறது, அலுவலகம் விட்டால் அறை, அறையில் நூடுல்ஸ், சனி ஞாயிறு முழுக்கத் தூக்கம், எங்கே சாப்பிடுவது, எங்கே போவது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். 2016ல் திருநெல்வேலியிலிருந்து வந்தபோது நானும் இப்படித்தான் இருந்தேன்.

முதல் மூன்று மாதம் ஊர் ருசியைத் தேடியே அலைந்தேன். கோலாலம்பூரின் 'குட்டி இந்தியா'வான பிரிக்பீல்ட்ஸில் ஒவ்வொரு கடையாக ஏறி, "சாம்பார் நம்ம ஊர் மாதிரி இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டு வெளியே வருவேன். அந்த மூன்று மாதத்தை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. இங்கே தமிழர்கள் பல தலைமுறையாகச் சமைத்துவரும் சாப்பாட்டுக்குத் தனி ருசி உண்டு. அதை ஊரோடு ஒப்பிடாமல் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இந்த நகரம் எனக்குப் பிடித்தது.

முதலில் சில சொற்கள். இங்குள்ள தமிழர்கள் மலேசியப் பணத்தை ரிங்கிட் என்று சொல்வதில்லை, வெள்ளி என்பார்கள். காலையில் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்டால், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். எவ்வளவு அழகான சொல்! நம் பக்கம் பேச்சிலிருந்து ஏறக்குறைய போய்விட்டது, இங்கே தினமும் புழங்குகிறது. கடையில் பரிமாறுகிறவரை மலாய்க்காரரும் சீனரும்கூட "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கடைகள் இவை. 'மாமா' என்ற நம் சொல்லே அப்படி ஆனது. பல கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். ரொட்டி சனாய் போடுகிறவர் பக்கத்தில் ஒரு தடவை நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள் தட்டில் வரிசையாக இருக்கும். ஒன்றை எடுத்து மேடையில் அழுத்தி, விளிம்பைப் பிடித்து இரண்டு வீசு வீசினால், கீழே இருக்கும் எவர்சில்வர் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். நம் பரோட்டா மாதிரி சுருட்டாமல் நான்கு பக்கமும் மடித்துக் கல்லில் போடுவார். வெந்ததும் இரண்டு கையாலும் ஒரு தட்டு தட்ட, அடுக்கடுக்காகப் பிரிந்து ஆவி வரும். பருப்புக் குழம்பும் மீன் குழம்பும் சம்பல் என்ற மிளகாய்த் தொக்கும் வைத்துத் தருவார்கள். விலை இரண்டு வெள்ளி சுற்றித்தான் வரும். ரொட்டி சனாய், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டையும் உள்ளடக்கிய மலேசியக் காலையுணவு வழக்கத்தை யுனெஸ்கோ 2024ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடையில் உட்கார்ந்து பார்த்தால் ஏன் என்று புரியும். ஒரே மேசையில் மூன்று இனத்தவர் பசியாறிக்கொண்டிருப்பார்கள்.

டீ கேட்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். சும்மா 'தே' என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றி வரும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆற்றி நுரை பொங்கத் தருவது தே தாரெக். இனிப்பு குறைய வேண்டுமானால் 'குராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். தினம் மூன்று டீ குடிக்கிறவர் இனிப்புப் பாலோடு ஒரு வருடம் ஓட்டினால் உடம்பு தாங்காது. பார்சலுக்கு 'புங்குஸ்' அல்லது 'தாப்பாவ்'.

மதியத்துக்கு வாழை இலைச் சாப்பாடு இருக்கவே இருக்கிறது. மூன்று பொரியல், அப்பளம், ரசம், மோர், கூடவே மொறுமொறுவென்று வறுத்த பாகற்காய். அப்புறம் நாசி சம்போர் கடைகள்: தட்டில் சோறு வாங்கி, முப்பது நாற்பது வகைக் கறியில் வேண்டியதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். தட்டைக் கண்ணால் பார்த்தே விலை சொல்வார்கள். மீன் தலை, பெரிய இறால், கணவாய் எடுப்பதற்கு முன்னால் விலையைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் எடுத்து, ஒரு மதியச் சாப்பாட்டுக்கு மூன்று நாள் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பெரிய உணவகங்களில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். பத்து சதவீதமும் ஆறு சதவீதமும் ஆனால் நூறு வெள்ளி நூற்றுப் பதினாறாக வரும்.

இடையில் ஓர் அக்கா கேட்டிருந்தார்: "நாங்கள் சுத்த சைவம். வெளியே நம்பிச் சாப்பிடலாமா?"

சாப்பிடலாம், அக்கா. ஆனால் பெலாச்சான் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறாலை உப்புப் போட்டு நொதிக்கவைத்து அரைத்த விழுது அது. கங்கோங் கீரையை அதில் வதக்குவார்கள், சம்பலிலும் அது சேரும். கண்ணுக்குத் தெரியாது. "தாக் மாவு பெலாச்சான்", அதாவது பெலாச்சான் வேண்டாம், என்று சொல்லிவிடுங்கள். நாசி லெமாக் சம்பலில் பெரும்பாலும் நெத்திலி இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பௌத்தர்கள் நடத்தும் சீன சைவ உணவகங்கள் நகரமெங்கும் இருக்கின்றன. முட்டை, மீன் எதுவும் கலக்காத இடங்கள் அவற்றில் நிறைய. என் அம்மா இங்கே வந்திருந்தபோது நான்கு நாள் தொடர்ந்து அப்படி ஒரு கடையில்தான் சாப்பிட்டார். சோயாவில் செய்த 'மீன்' வந்ததும் முகம் சுளித்தார். அதை மட்டும் ஆர்டர் செய்யாதீர்கள், காளானும் டோஃபுவும் கேளுங்கள்.

இனி சனி ஞாயிறு. கார் வேண்டியதில்லை. கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இடிஎஸ் என்ற விரைவு மின்ரயிலில் ஏறினால் ஈப்போ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், பட்டர்வொர்த் நான்கு மணி நேரம் சொச்சம். மலாக்காவுக்கு ரயில் ஊருக்குள் போகாது. கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். ஹரி ராயா (ரம்ஜான் பெருநாள்), சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.

மலாக்காவை ஒரு பகலில் பார்க்கலாம், ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு மாலை ஜோங்கர் தெருச் சந்தைக்காக ஒரு இரவு தங்குவது நல்லது. உருட்டிய கோழிச் சோறு, தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்ட நியோஞ்யா லக்சா, குலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு, மூன்றும் கட்டாயம். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் செட்டிக்கும் போய்வாருங்கள். தமிழ் பேச்சு மறைந்து மலாய் பேசுகிறார்கள், மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். அந்தத் தெருவில் நடந்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை.

பினாங்குக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். பட்டர்வொர்த் ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. பாலத்தில் போகாமல் படகில் போங்கள், கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன் கண்முன் வந்துவிடும். அங்கே நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடி போலக் கம்பு சுமந்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாக விற்றார்கள். கண்டார் என்பது அந்தக் கம்பு. நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். வெள்ளமாக வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்றால் போதும். அசாம் லக்சாவில் மீனும் புளியும் புதினாவும் அன்னாசியும் ஒரே கிண்ணத்தில் இருக்கும். முதல் கரண்டி விநோதமாக இருக்கும், மூன்றாவது கரண்டிக்கு மேல் நிறுத்த முடியாது.

தம்பி முதலில் எங்கே போவது என்று கேட்டாரே, ஈப்போ போங்கள். சனிக்கிழமை காலை ரயில். நிலையக் கட்டடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்தது. அங்கிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். காப்பிக்கொட்டையை மார்ஜரின் போட்டு வறுப்பதால் அங்கே வெள்ளைக் காப்பிக்குத் தனி மணம். மதியம் முளைப்பயறும் அவித்த கோழியும், கூடவே வழுவழுவென்ற தட்டையான அரிசி நூடுல்ஸ். முளைப்பயறு குட்டையாக, குண்டாக, கடித்தால் தண்ணீர் தெறிக்கும். சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்பார்கள் ஊர்க்காரர்கள். புகழ்பெற்ற கடைகளில் பாதி மதியத்துக்குள் தீர்ந்துவிடும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. அதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவு முன்னால் நின்றிருக்கிறேன்.

நேரம் இருந்தால் ஈப்போவுக்கு அருகிலுள்ள பத்து காஜா ஊர்ப் பக்கம் கெல்லீஸ் காசல். ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கட்ட ஆரம்பித்து, 1926ல் அவர் இறந்ததால் பாதியில் நின்ற மாளிகை. அதைக் கட்ட வந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். பக்கத்திலேயே அவர்களுக்கான கோயில், அதன் மேல் சாமி உருவங்களோடு கோட்டு போட்ட அந்த முதலாளியும் சிலையாக நிற்கிறார்.

திரும்பும் முன் ஈப்போவின் புந்தோங் பகுதிக்குப் போய்விடுங்கள். கச்சாங் பூத்தே விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன: வறுத்த கடலை, முறுக்கு, ஓமப்பொடி, காரப் பட்டாணி. சூடாக இருக்கும்போதே கட்டித் தருவார்கள். இரண்டு கிலோவாவது வாங்குங்கள். திங்கட்கிழமை அலுவலக மேசையில் திறந்து வைத்தால், இதுவரை பேசாத பக்கத்து இருக்கைக்காரர்கூட எழுந்து வருவார்.