ஜாதிக்காய் மரம் பூக்கிறது, காய்க்கவில்லை. வெட்டிவிடலாமா?

கொல்லைப்பக்கம்:
பலாவுக்கும் எலுமிச்சைக்கும் நடுவே ஒரு ஜாதிக்காய் மரம் நிற்கிறது. விதை போட்டு வளர்த்தது. பூக்காத பருவமில்லை, காலையில் பெருக்கினால் முறம் நிறைய வெளிர்மஞ்சள் பூக்கள். பிஞ்சு என்று ஒன்றுகூட இதுவரை கண்ணில் படவில்லை. சாணக் கரைசல், சாம்பல், கடலைப் பிண்ணாக்கு எல்லாம் போட்டாயிற்று. இதன் நிழலில் கத்தரியும் வெண்டையும் வெளிறி, உயரமாக நீண்டு, காய் பிடிக்காமல் நிற்கின்றன. வீட்டில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பச்சைவிரல்:
நுண்ணூட்டக் குறைவாக இருக்கலாம். பூக்கும் நேரத்தில் போரான் தெளித்துப் பாருங்கள்.

மண்வெட்டி:
போரான் இருக்கட்டும் ஐயா, மரம் ஆணா பெண்ணா என்று யாராவது பார்த்தீர்களா? பப்பாளியைப் போலத்தான் ஜாதிக்காயும்: ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் முளைத்தது எதுவென்று முதல் பூ வரும்வரை தெரியாது; அதற்கே ஆறேழு வருடம் ஆகிவிடும். ஆண் மரத்துக்கு மூட்டை மூட்டையாகப் பிண்ணாக்கு கொட்டினாலும் பூதான் கொட்டும்.

உதிர்ந்ததை விட்டுவிட்டு, கிளையில் இருக்கும் பூவைப் பறித்து நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடிப்பகுதி புடைத்து, உள்ளே குட்டி முட்டைபோல் சூலகம் இருந்தால் பெண். நடுவில் மெல்லிய தண்டு மட்டும் நிமிர்ந்து, அதைச் சுற்றி மகரந்தம் ஒட்டியிருந்தால் ஆண். ஆண் பூக்கள் கொத்தாக வரும். பெண் பூ பெரும்பாலும் தனித்தோ, இரண்டு மூன்றாகவோ இருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள், அதுவரை அரிவாள் உள்ளேயே இருக்கட்டும்.

கொல்லைப்பக்கம்:
பிளந்து பார்த்தேன். எல்லாம் கொத்துப் பூக்கள், உள்ளே தண்டுதான். அப்படியானால் வீண்தானா?

மண்வெட்டி:
வீண் இல்லை. வேர் நன்றாக ஊன்றிய மரம் கையில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு நாற்றிலிருந்து தொடங்குவானேன்? நடுத்தண்டை மேலே வெட்டிவிட்டால் கீழிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். அவற்றில், நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் தளிரை ஒட்டுக் கட்டலாம். ஒட்டுத் தளிரை நிமிர்ந்து வளரும் குருத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் கிளையிலிருந்து எடுத்தால் மரம் உயராமல் புதராகப் படர்ந்துவிடும். இதைப் பல நாற்றுப் பண்ணைகள் சொல்லாமலே விற்கின்றன. ஆண் கிளை ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள், மகரந்தத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். பொடி வண்டுகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கத்தரி, வெண்டைக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அந்த நிழலில் அவற்றை நடுவது செடிக்குச் செய்யும் கொடுமை. அங்கே மஞ்சள், இஞ்சி, சேம்பு போடுங்கள். அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

தோட்டத்துத் தாத்தா:
பலாவில் மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுங்கள். தரையோடு ஓடும் கொடியிலிருந்து துண்டு எடுங்கள், அதுதான் மரம் ஏறும். தூரில் தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. வாடல் நோய் வந்தால் கொடி திடீரென்று போய்விடும்.

கொல்லைப்பக்கம்:
ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரிடம் பேசிவிட்டேன், மழை பிடித்ததும் வருகிறார். கத்தரியை மொட்டைமாடித் தொட்டிகளுக்கு மாற்றுகிறேன். ஆண் கிளையை எந்தப் பக்கம் விடுவது?

மண்வெட்டி:
எலுமிச்சைக்கு வெயிலை மறைக்காத பக்கம்.