சரிவு நிலத்திற்கு ஏற்ற விலங்கு எது?

கேள்வி (பண்டாரவளை):
கால் ஏக்கர் சரிவு நிலத்தில் லீக்ஸும் கோவாவும் பயிரிடும் நாங்கள், இரசாயன உரத்தைக் கைவிட விரும்புகிறோம். முட்டைக்கும் பாலுக்கும் அப்பால், மண்ணுக்காகவே விலங்கு வளர்ப்பதாயின் எதில் தொடங்கலாம்?

பதில் (வெலிமடை):
கோழியில் தொடங்குங்கள். அறுவடை முடிந்த பாத்தியை வலையால் அடைத்து விட்டால், களைவிதையையும் புழுவையும் கிளறித் தின்று, எச்சத்தையும் அங்கேயே இட்டுச் செல்லும். மழைக்காலத்தில் மட்டும் சரிவில் விடவே கூடாது. கிளறிய மண் முழுவதும் கீழ்க்கானுக்குப் போய்விடும். கோழிக்கூட்டு எருவில் தழைச்சத்து மிகுதி என்பதால், மக்க வைக்காமல் இட்டால் வேர் கருகும்.

பதில் (நுவரெலியா):
நத்தைத் தொல்லைக்கு வாத்தே மேல். அது கோழியைப் போல் கிளறாது, ஆனால் இளங்கன்றுகளை மிதிக்கும்.

பதில் (ஹட்டன்):
அக்கா, மாட்டை மறந்துவிடாதீர்கள். பட்டியைப் பாத்திகளுக்கு மேற்புறம் அமைத்தால், கழுவும் நீரும் கோமியமும் வாய்க்கால் வழியே தாமாகவே இறங்கும். ஆனால் குடிநீர்ப் பீலி அதற்குக் கீழே இருந்தால் வேறிடம் பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போடும் சமவுயர வரம்புகளில் குவாத்தமாலா புல்லை நட்டால் மண்ணும் நிற்கும், தீவனமும் கிடைக்கும். ஆட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்: கயிறு அவிழ்ந்த அரைமணி நேரத்தில் வேலிக்கன்று ஒன்றும் மிஞ்சாது.