பாலக்கோட்டுப் பழைய ஸ்டுடியோ லென்ஸ்: ஃபங்கஸா, வேறு கோளாறா?

பாலக்கோடு_ஃபிலிம்:
எங்கள் ஊரில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்களை விற்கிறார்கள். பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் ஃபிலிம் கேமரா, அதோடு சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ், அப்புறம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள ஒரு யாஷிகா மேட் 124ஜி கேமரா. எல்லாம் தோல் உறையோடு பல வருடம் பீரோவுக்குள் கிடந்தவை. டாகுமாரின் உள்ளே ஓரத்திலிருந்து நூல் நூலாக ஏதோ தெரிகிறது, கண்ணாடி முழுக்க மஞ்சளாகவும் இருக்கிறது. யாஷிகாவின் மேல் லென்ஸில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. மொத்தமாக எடுத்தால் விலையைக் குறைக்கிறார்களாம். எடுக்கலாமா?

ஓசூர்_மூடுபனி:
வேண்டாம். நூல் தெரிகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது ஃபங்கஸ்தான், அதாவது பூஞ்சை. அது விடும் அமிலம் முதலில் கண்ணாடி மேல் பூசியிருக்கும் மெல்லிய கோட்டிங்கை அரிக்கும், விட்டுவைத்தால் கண்ணாடியையும் அரிக்கும். துடைத்தால் நூல் போகும், அரித்த தடம் போகாது. அந்த லென்ஸில் வெயிலுக்கு எதிராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கறுப்பாக வரவேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்து நிற்கும். நான் தளிப் பக்கம் இருக்கிறேன், ஐப்பசி கார்த்திகையில் வீட்டுச் சுவரே வியர்க்கிற ஊர், இப்படி வாங்கிவந்த லென்ஸ்கள் என்ன ஆயின என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தர்மபுரி_ரிப்பேர்பெஞ்ச்:
தம்பி, முடிவெடுக்கும் முன் லென்ஸை ஒழுங்காகப் பார்த்துவிடுங்கள். பழைய லென்ஸில் என்ன தெரிந்தாலும் ஃபங்கஸ் என்று சொல்லித் தள்ளுகிறார்கள், என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் வேறு கோளாறு.

அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துளையை, முழுதாகத் திறந்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சை லென்ஸுக்குப் பின்னால் சாய்வாகப் பிடித்து முன்பக்கமிருந்து பாருங்கள், பிறகு திருப்பிப் பிடித்தும் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் நல்ல லென்ஸிலும் தூசி மலைபோலத் தெரிந்து பயமுறுத்தும். ஃபங்கஸ் என்றால் நூல் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும், பெரும்பாலும் ஓரத்தில் தொடங்கும். கிளை இல்லாமல் நேர்கோடாகவோ வட்டக் கீறலாகவோ வெளிமுகத்தில் இருந்தால் அது துணியால் அழுத்தித் துடைத்த தழும்பு. மூச்சு விட்டதுபோல் முழுக்க ஒரே சீரான மங்கல் என்றால் உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்தது, அந்த லென்ஸைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே துடைப்பில் போய்விடும். வானவில் நிறத்தில் திட்டு, வழவழப்பான விளிம்பு, சில சமயம் குமிழி: இது இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசை விட்டுப்போனது. அந்தக் காலத்தில் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள், அதைத் திரும்ப ஒட்டும் செலவுக்கு வேறு லென்ஸே வாங்கிவிடலாம், எனவே உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஷ்னைடர் என்ற ஜெர்மன் கம்பெனியின் லென்ஸ்களில் ஓரமாக வெள்ளை வெள்ளைப் புள்ளி தெரியும், அது கண்ணாடி விளிம்பில் பூசிய கறுப்புப் பெயின்ட் உரிந்தது, படத்தைக் கெடுக்காது.

உங்கள் மஞ்சள் நிறத்துக்கும் ஃபங்கஸுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த டாகுமாரில் முதலில் வந்த எட்டு எலிமென்ட் (உள்ளே எட்டுக் கண்ணாடி) வகையை விட்டால், பின்னால் வந்த ஏழு எலிமென்ட் வகையில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிர்வீச்சால் கண்ணாடி தானே மஞ்சளாகும், வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ சில நாள், சில வாரம் வைத்தால் தெளியும்.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு:
இவ்வளவு யோசனை எதற்கு? நம்ம ஜில்லா வறண்ட பூமி, ஃபங்கஸ் வளர இங்கே ஈரம் ஏது? சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் மஞ்சளும் போகும், ஃபங்கஸும் சாகும்.

ஓசூர்_மூடுபனி:
ஊர் வறண்டிருந்து என்ன பயன் அண்ணா, பீரோவுக்குள் வெயில் வருமா? இருட்டு, காற்றோட்டம் இல்லை, தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்தத் தோலும் தூசியும்தான் பூஞ்சைக்குத் தீனி. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும். வெயிலில் செத்தாலும் செத்ததன் கறையும் அரிப்பும் அங்கேயேதான் இருக்கும். வெயிலில் வைக்கும் லென்ஸின் பின்புறத்தை மூடாமல் விட்டால் குவிந்த ஒளி பின்னால் இருப்பதைப் பொசுக்கிவிடும், தீப்பிடிக்கும், அதையும் சொல்லுங்கள்.

பெஞ்ச் அண்ணா, அடையாளம் காண்பது பற்றி நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் பிரிப்பது யார்? லென்ஸின் வளையங்களைக் கழற்றும் லென்ஸ் ஸ்பேனர் எல்லோரிடமும் இருக்கிறதா? வழுக்கினால் கோட்டிங்கில் கோடு விழும். ஃபங்கஸ் லென்ஸைக் கொண்டுவந்து மற்ற லென்ஸ்கள் இருக்கும் பெட்டியில் வைத்தால் அவற்றுக்கும் தொற்றும்.

தர்மபுரி_ரிப்பேர்பெஞ்ச்:
தொற்றும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூஞ்சை வித்து காற்றிலேயே இருக்கிறது, புது லென்ஸின் மேலும் இருக்கிறது. ஈரம் இருந்தால்தான் முளைக்கும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து முளைப்பதில்லை. புது ஒளியியல் கருவிகளுக்கே இந்தச் சோதனை வைத்திருக்கிறார்கள், ஐஎஸ்ஓ 9022 தரநிலையின் 11ஆம் பகுதி முழுக்கப் பூஞ்சை வளர்ச்சி பற்றியதுதான். பெட்டியை 40-50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் நோயாளி லென்ஸும் நல்ல லென்ஸும் ஒன்றாகவே இருக்கலாம்.

பிரிப்பது கஷ்டம் என்பது உண்மை. ஆனால் அரிப்பு தொடங்காத ஃபங்கஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சம அளவு கலந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுத் துடைத்தால் தடம் தெரியாமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவில் புகுந்திருந்தால் மட்டும் விட்டுவிட வேண்டியதுதான்.

யாஷிகா விஷயம் வேறு. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு மட்டும், ஃபிலிமில் படம் விழுவது கீழே இருக்கும் 80 மி.மீ. எஃப் 3.5 யாஷினான் வழியாக. கீழ் லென்ஸ் சுத்தமாக இருந்தால் மேலே படர்ந்ததைக் காட்டி விலையைக் குறையுங்கள். ஷட்டரை ஒரு விநாடி வேகத்தில் வைத்து அடித்து, அது ஒழுங்காக முடிகிறதா என்று காது வைத்துக் கேளுங்கள்.

பாலக்கோடு_ஃபிலிம்:
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். யாஷிகாவின் கீழ் லென்ஸில் கொஞ்சம் தூசி மட்டும். டாகுமாரில் நூல் கிளைவிட்டிருக்கிறது, முன் கண்ணாடியின் உட்புறத்தில், ஓரமாக, நடுப்பகுதி சுத்தம். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை, வானவில் திட்டும் இல்லை.

தர்மபுரி_ரிப்பேர்பெஞ்ச்:
அப்படியென்றால் எடுங்கள். முன் கண்ணாடி ஓரத்தில் இருப்பது படத்தில் தெரிவது அரிது, பின் கண்ணாடியில் இருந்தால்தான் தொல்லை. யாஷிகாவுக்கும் ஸ்பாட்மாட்டிக்குக்கும் மட்டும் விலை பேசுங்கள், டாகுமாருக்கு ஒரு ரூபாயும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஓசூர்_மூடுபனி:
விலை சேர்க்காமல் கிடைத்தால் சரி. ஆனால் அரித்திருக்கிறதா இல்லையா என்பது துடைத்த பிறகுதான் தெரியும், அதுவரை அது நல்ல லென்ஸ் என்று நான் சொல்ல மாட்டேன். தோல் உறைகளை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். காற்றுப்புகாத டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், இந்த மூன்றையும் லென்ஸுக்கு முன்னால் வாங்குங்கள்.

பாலக்கோடு_ஃபிலிம்:
டப்பா இன்றைக்கே வாங்குகிறேன். பெஞ்ச் அண்ணா, விலை படிந்தால் டாகுமாரைத் தர்மபுரிக்கு எடுத்துவருகிறேன், பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.