பின்புறத்தைப் பார்த்து ஊரைச் சொல்லும் விளையாட்டு: கம்பளச் சேகரிப்பாளர்களின் அனுபவங்கள்

கம்பளச் சேகரிப்பாளர்கள் கூடும்போது ஆடும் ஊகிப்பு ஆட்டங்களைப் பற்றி நான்கு ஊர்களின் உறுப்பினர்கள் சொன்னவை இவை.

வாஷிங்டன் புறநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

கீழைநாட்டுக் கம்பளங்களைச் சேகரிப்பவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஒருவர் தம் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, “இது எந்த ஊர் நெசவு, சொல்லுங்கள் பார்க்கலாம்” என்று தொடங்கிவிடுவார். இந்நகரில் ஜார்ஜ் ஹெவிட் மையர்ஸ் 1925இல் நிறுவிய நெசவுக்கலை அருங்காட்சியகத்தின் சனிக்கிழமைக் காலை உரைகளுக்குச் சென்று பழகியவர்கள் எங்கள் வட்டத்தில் பலர் உண்டு. உரை முடிந்த பிறகும் ஆவல் அடங்காதவர்கள் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

எங்கள் ஆட்டத்துக்கு நிபந்தனை ஒன்றுதான். ஊரின் பெயரைச் சொல்பவர் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் கம்பளத்தின் சித்திரத்திலிருந்து வராமல் நெசவின் கட்டுமானத்திலிருந்து வர வேண்டும். சித்திரம் ஊர்விட்டு ஊர் போகக்கூடியது. சந்தையில் பார்த்த பூவை ஒரு கிராமத்துப் பெண் தன் தறியில் இறக்கிவிடுவாள்; ஆனால் முடிச்சிடும் விதத்தையும் ஊடையை, அதாவது குறுக்கே செல்லும் நூலை, அடித்து இறுக்கும் விதத்தையும் தாயிடம் கற்றபடியேதான் செய்வாள். மேலும், சித்திரத்தை நம்பிப் பேசத் தொடங்கினால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: வளைந்த நுனியுடைய அந்தப் பழைய வடிவத்தை ஒருவர் சைப்ரஸ் மரம் என்பார், ஒருவர் தீச்சுடர் என்பார், நான் மாங்காய் என்பேன். புடவைக் கரையில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு எதுவும் தோன்றுவது கடினம்.

ஒரு மாலையில் விருந்தளித்த நண்பர் ஒரு கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் போர்வையை விரித்து, ஒரு சாண் அளவு மூலையை மட்டும் விட்டுவைத்தார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் தரையில் முழங்காலிட்டு அந்தப் பின்புறத்தை உற்றுப் பார்த்தார். முடிச்சு வரிசைகளுக்கு இடையே நீளவாக்கில் ஓடும் வெள்ளைப் பருத்திப் பாவு நூல், ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அடுத்த வரிசையில் அந்தப் புள்ளிகள் இடம் மாறி நின்றன. ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் பிறகு ஒரே ஓர் ஊடையைச் செலுத்தினால்தான் இப்படிச் சதுரங்கக் கட்டம் போன்ற தோற்றம் வரும் என்றும், பருத்திப் பாவோடு இது சேர்ந்து வருவதால் மேற்கு ஈரானின் ஹமதானைச் சுற்றியுள்ள கிராமங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார். போர்வையை எடுத்ததும் ஹமதான் பகுதிக் கம்பளமே தெரிந்தது; எந்தக் கிராமம் என்பது பற்றிய சண்டை மட்டும் சாப்பாட்டு மேசை வரை நீடித்தது.

அன்று அதைவிடச் சுவையானது, மத்திய ஆசியாவின் துருக்மேன் மக்கள் நெய்த மூன்று துண்டுகளின் ஆட்டம். மூன்றும் ஒரே செம்மை. மூன்றிலும் வரிசை வரிசையாக எண்கோணப் பதக்கங்கள். எங்களுள் மூத்தவரான ஓர் அம்மையார் கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் உள்ளங்கையைக் குறுக்கே இருபுறமும் ஓட்டிப் பார்த்தார். பாவு நூல் இரண்டில் ஒன்றை மட்டும் முழுவதும் சுற்றி, மற்றொன்றின் பின்னால் வெறுமனே நுழைந்து வரும் முடிச்சில் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்; இரண்டையும் ஒருசேரச் சுற்றி நடுவில் வெளிவரும் முடிச்சில் அந்தச் சாய்வு இராது. முதல் துண்டு இடப்புறமும் இரண்டாவது வலப்புறமும் சாய்வதாகவும் மூன்றாவது எந்தப் பக்கமும் சாயவில்லை என்றும் கூறியவர், கண்ணைத் திறக்காமலேயே, முறையே சாலோர், தெக்கே, சாரிக் என்று மூன்று குலங்களின் பெயர்களைச் சொன்னார். சொந்தக்காரரும் அவற்றை அப்படித்தான் வாங்கியிருந்தார். என் கருத்தில் இடப்புறச் சாய்வு ஒன்றை மட்டும் வைத்துச் சாலோர் என்று முத்திரை குத்துவது சற்று அவசரம். அம்மையாரிடம் அதைச் சொல்லும் துணிவு அங்கு யாருக்கும் இல்லை.

இன்னொரு தடயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கீழைநாட்டுக் கம்பளங்களில் நூலின் முறுக்கு ஆங்கில இசட் எழுத்தின் நடுக்கோடு போலச் சாயும். பூதக்கண்ணாடியில் அது எஸ் எழுத்தின் பக்கம் சாய்ந்து தெரிந்தால், அந்தக் கூட்டத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து குரல்கள் “கெய்ரோ” என்று எழும். மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்து எகிப்தியக் கம்பளங்களின் அடையாளம் அது.

லண்டனிலிருந்து ஓர் உறுப்பினர்:

இங்கே நாங்கள் ஆடுவது வயதைக் கணிக்கும் ஆட்டம். காக்கசஸ் பகுதித் தொழுகைக் கம்பளங்களில் ஹிஜ்ரி ஆண்டு நெய்யப்பட்டிருப்பது உண்டு. அந்த எண்ணிலிருந்து நூற்றுக்கு மூன்று பங்கைக் கழித்து 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு கிடைத்துவிடும் என்பதால் ஆட்டம் எளிதென்று புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளி வேறொரு கம்பளத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தபோது எண் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கலாம். பழைய ஆண்டே புதிய கம்பளத்தில் பிரதியாகியிருக்கலாம். அவற்றைவிடப் பெரிய சிக்கல், விற்பவரின் ஊசி.

ஒருமுறை ஒரு வணிகர் எங்கள் முன் விரித்த கம்பளத்தில் 1223 என்று இருந்தது, அதாவது 1808. அரபு எண்களில் இரண்டுக்கு மேலே ஒரு பல், மூன்றுக்கு இரண்டு பல்; ஆகவே ஒரு பல்லுக்குரிய சில முடிச்சுகளைப் பிடுங்கி, அங்கே பின்னணி நிறத்து நூலை வைத்துத் தைத்துவிட்டால் 1323, அதாவது 1905, 1223 ஆகி, கம்பளம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மூத்துவிடும். என்னுடன் வந்த நண்பர் எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் ஓரப்பட்டையில் வெளிறிய சாம்பல் நிறமாகத் தெரிந்த ஒரு பூவை இரு கட்டைவிரல்களாலும் விலக்கி, இழைகளின் அடிப்பகுதியைக் காட்டினார். நுனியில் சாம்பல், வேரில் பளீரென்ற ஊதா. வெளிச்சம் பட்டு நுனி மட்டும் இப்படி வெளுப்பது தொடக்ககாலச் செயற்கைச் சாயங்களின் குணம். அவற்றுள் முதலான அனிலீன் சாயத்தை வேதியியலாளர் பெர்கின் கண்டுபிடித்ததே 1856இல்தான். வணிகர் தேநீர் வரவழைத்துவிட்டுப் பேச்சை வேறு கம்பளத்துக்கு மாற்றிக்கொண்டார்.

டொரொண்டோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் கூட்டத்தில் ஏலப் பட்டியல்களின் படத்தைக் காட்டி, விலையைக் கைக்குட்டையால் மறைத்து ஊகிக்கச் சொல்வார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு கம்பளம் எப்போதும் எல்லாரையும் வீழ்த்தும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 2009இல் ஒரு கம்பளத்துக்கு 900 யூரோ என்று மதிப்பிட்டார்கள்; அது ஏறக்குறைய 20,000 யூரோவுக்குப் போனது. அதே கம்பளம் 2010 ஏப்ரலில் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்து 62 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அது பதினேழாம் நூற்றாண்டில் ஈரானின் கெர்மானில் நெய்யப்பட்ட, சேகரிப்பாளர்கள் “ஜாடிக் கம்பளம்” என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்குக் கட்டுமான அடையாளம் தெளிவாக உண்டு: ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் பிறகு மூன்று ஊடைகள்; அவற்றுள் முதலும் மூன்றாவதும் கம்பளி, நடுவில் வருவது பட்டோ பருத்தியோ. இந்த விவரத்தைக் கேட்ட எங்கள் நண்பர் ஒருவர், தாம் வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு பழந்துணியையும் அன்றிரவே ஊடை எண்ணிப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு கழித்து, 2013 ஜூனில், நியூயார்க்கில் அதே நெசவு முறையில் அமைந்த மற்றொரு கம்பளம் 3 கோடியே 37 லட்சம் டாலரைத் தாண்டியபோது நாங்கள் அந்த ஆட்டத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தோம்; யாருடைய ஊகமும் பக்கத்தில்கூட வரவில்லை.

ஒசாகாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

நீங்கள் எல்லாரும் தொட்டும் திருப்பியும் பார்க்கிறீர்கள். கியோட்டோவின் கியோன் திருவிழாவில் ஜூலை 17 அன்று தேர்கள் தெருவில் நகரும்போது, அவற்றின் பக்கங்களில் தொங்கும் பழங்கம்பளங்களை நாங்கள் கூட்டத்துக்குள் நின்றபடி ஊகிக்க வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தோடு ஜப்பானுக்கு வந்த இந்தியக் கம்பளங்களும் அவற்றுள் உண்டு. நெடுங்காலம் பாரசீகம் என்று பொதுவாகச் சொல்லப்பட்ட சிலவற்றைத் தக்காண நெசவு என்று ஆய்வாளர்கள் இனம்பிரித்திருக்கிறார்கள். என்னுடன் வரும் ஜப்பானிய நண்பருக்கும் எனக்கும் ஒரு தேரின் கம்பளத்தைப் பற்றி ஆண்டுதோறும் பந்தயம் நடக்கிறது: நான் தக்காணம் என்கிறேன், அவர் பாரசீகம் என்கிறார். ஊர்வலத்துக்கு முந்தைய மாலைகளில் தேர்ச் சங்கங்கள் தங்கள் அணிகலன்களை அருகில் வைத்துப் பார்க்க விடுகின்றன என்பதால் முன்கூட்டியே போய் நின்றுவிடுவோம். நிறங்களைப் பற்றியும் கரையின் அமைப்பைப் பற்றியும் அங்கே வேண்டியமட்டும் வாதாடலாம். “கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்” என்று மட்டும் கேட்க முடியாது என்பதால் இந்த ஆண்டும் பந்தயத்தொகை என் நண்பரின் சட்டைப்பையிலும் என் சட்டைப்பையிலும் பாதிப் பாதியாகவே இருக்கிறது.