எக்செலில் விலுக்அப் (இன்னொரு பட்டியலில் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டால் எல்லா வரிசையிலும் ‘என்/ஏ’ வருகிறது – உதவுங்கள்

மாட்டுங்கா (கேள்வி):
வணக்கம். மும்பை மாட்டுங்காவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பில் சீட்டில் எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) இருக்கிறது, ‘பட்டியல்’ என்ற இன்னொரு சீட்டில் அந்த எண்ணுக்கான பொருள் விவரம். =விலுக்அப்(ஏ2, பட்டியல்!ஏ2:சி180, 3, 0) என்று போட்டேன். எல்லாமே என்/ஏ. அரிசிக்கு இரண்டு சீட்டிலும் 1006 தான், கண்ணெதிரே ஒன்றாகத்தான் தெரிகிறது. காபிக்கு மட்டும் பில் சீட்டில் 901, பட்டியலில் 0901. எக்செல் 2016. நாளைக் காலை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள்.

செம்பூர்:
இஃப்எரர் போட்டுவிடுங்கள். என்/ஏ போய் வெறும் கட்டம் வரும்.

தாராவி:
இப்போதைக்கு அதைப் போடாதீர்கள். என்/ஏ என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதை மறைத்தால் எந்தப் பொருள் விட்டுப்போனது என்று உங்களுக்கே தெரியாது.

உங்கள் 901லேயே காரணம் இருக்கிறது. 0901 என்று அடித்ததும் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சைபரை விட்டுவிட்டது. மஞ்சள், இஞ்சிக்கான 0910ம் 910 ஆகியிருக்கும், பாருங்கள். பட்டியலில் இருப்பவை டெக்ஸ்ட், அதாவது எழுத்தாகச் சேமித்தவை. எண்ணாக இருக்கும் 1006ம் டெக்ஸ்டாக இருக்கும் 1006ம் விலுக்அப்புக்கு வேறு வேறு, அதனால்தான் அரிசியும் கிடைக்கவில்லை. கட்டத்தில் இருப்பது டெக்ஸ்டா என்று தெரிய, இரண்டு சீட்டிலும் =இஸ்டெக்ஸ்ட்(ஏ2) போட்டுப் பாருங்கள். ஒன்றில் ட்ரூ, மற்றதில் ஃபால்ஸ் வந்தால் இதுதான் கோளாறு.

சூத்திரத்தில் ஏ2 இருக்கும் இடத்தில் டெக்ஸ்ட்(ஏ2, "0000") என்று மாற்றுங்கள். அப்புறம் ஏ2:சி180ஐத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தி டாலர் குறி போடுங்கள். இல்லையென்றால் கீழே இழுக்க இழுக்க அது ஏ3:சி181, ஏ4:சி182 என்று நகர்ந்து, பட்டியலின் மேல் வரிசைகள் தேடலிலிருந்து விழுந்துவிடும்.

மாட்டுங்கா:
வந்துவிட்டது அண்ணா! ரொம்ப நன்றி. நான்கு வரிசை மட்டும் பாக்கி. மூன்று மிளகாய், ஒன்று வெல்லம். மிளகாய்க்கு 0904 என்று சைபரோடு சரியாகவே இருக்கிறது. ட்ரிம் போட்டும் மாறவில்லை.

தாராவி:
அந்த மூன்றும் வேறெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டியதா? எத்தனை எழுத்து என்று எண்ணும் லென்(ஏ2) போட்டால் 4க்குப் பதில் 5 வரும் என்று நினைக்கிறேன். வலைப்பக்கம், மின்னஞ்சலிலிருந்து ஒட்டும்போது 160ஆம் எண் இடைவெளி கூடவே வந்துவிடும். ட்ரிம் நீக்குவது 32ஆம் எண்ணான சாதாரண இடைவெளியை மட்டும்தான். டெக்ஸ்ட்டுக்குள் இருக்கும் ஏ2வுக்குப் பதில் சப்ஸ்டிட்யூட்(ஏ2, கேர்(160), "") போடுங்கள், அது அந்த இடைவெளியை நீக்கிவிடும். மற்ற வரிசைகளுக்கும் இதே சூத்திரம் போதும்.

மாட்டுங்கா:
ஆமாம், 5 தான் வந்தது. மின்னஞ்சலில் வந்த பில்லிலிருந்து ஒட்டியது. மூன்றும் சரியாகிவிட்டன. வெல்லத்துக்கு இன்னும் என்/ஏ. தேடிப் பார்த்தால் 1701 பட்டியலிலேயே இல்லை! 181ஆம் வரிசையில் இப்போது சேர்த்து, சூத்திரத்தில் 180ஐ 181 ஆக்கிவிட்டேன்.