‘சட்டக நகர்வு’ வேண்டாம்: மாற்றுச் சொல் தேவை

அன்புள்ள அக்கா,

ராயபுரம் மாலை வகுப்புக்கான உயிரியல் கையேட்டில், மரபணுவில் எழுத்து விட்டுப்போயோ நுழைந்தோ அதற்குப் பின்னால் உள்ள வாசிப்பு குலைவதை (frameshift) ‘சட்டக நகர்வு’ என்று சொல்லியிருப்பதை எடுத்துவிடலாம். டி.என்.ஏ.வில் சட்டகம் என்று எதுவும் கிடையாது, எழுத்துச் சரம்தான் உண்டு. அதன் படியான தூது ஆர்.என்.ஏ.வை (அதில் டி இருக்கும் இடத்தில் யூ வரும்), புரதம் கட்டும் ரைபோசோம், ஏயூஜி என்ற தொடக்கக் கோடானிலிருந்து மும்மூன்றாக எண்ணிக்கொண்டே போகிறது. கோடான் என்பது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து; அமினோ அமிலங்கள் கோத்ததுதான் புரதம். நடுவில் இடைவெளி கிடையாது. சட்டகம் என்றால் பிள்ளைகள் ஜன்னல் சட்டத்தைத்தான் நினைப்பார்கள்.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் காட்டலாம்:

இன்று பெரிய படகு நிறைய இறால்

எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். ‘படகு’ என்பதைப் ‘படவு’ ஆக்கினால் எழுத்து மாறியும் பொருள் மாறவில்லை. ஜிஏஜி ஜிஏஏ ஆனாலும் வருவது குளுட்டாமிக் அமிலம்தானே, அதுபோல. ‘பெரிய’ ‘கரிய’ ஆனால் ஒரு சொல்லின் பொருள் மட்டும் மாறும். அரிவாளணுச் சோகையில், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் 6ஆம் கோடான் ஜிஏஜி, ஜியூஜி ஆகி, குளுட்டாமிக் அமில இடத்தில் வாலின் உட்காருவது இந்த வகை. ‘ரி’யை மட்டும் எடுத்துவிட்டால்?

இன்று பெயப டகுநி றையஇ றால்

விட்டுப்போனது ஓர் எழுத்து, கெட்டது அதற்குப் பின்னால் உள்ள எல்லாம். ‘வாசிப்புப் பிசகு’ என்று வைக்கலாமா?

தம்பி,

எடுத்துக்காட்டு அருமை, அப்படியே போட்டுவிடு. ‘பிசகு’ மட்டும் ஒத்துவராது. இங்கே ரைபோசோம் பிசகவில்லை, கொடுத்ததைச் சரியாகத்தான் படிக்கிறது. கெட்டது மூலப்படி. ரைபோசோமே ஓரெழுத்து பின்வாங்கிப் படிப்பது வேறு நிகழ்வு. கொரோனா வைரஸ் யூயூயூஏஏஏசி என்ற இடத்தில் அதைச் செய்யவைத்துத்தான் தன் நீண்ட புரதத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு ‘ரைபோசோம் வழுக்கல்’ என்று தனிச்சொல் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பின்னால் குழப்பம்.

மூலப்படியில் நேரும் இதற்கு ‘மும்மைப் பெயர்ச்சி’ என் முன்மொழிவு. மும்மை என்றதுமே கணக்கு புரிந்துவிடும்: நீங்கியதோ நுழைந்ததோ மூன்றின் மடங்காக இல்லாவிட்டால்தான் பெயர்ச்சி. நுரையீரலைக் கெடுக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பரவலாகக் காணப்படும் மாற்றத்தில் சரியாக 3 எழுத்து போகிறது. ஏடிசி டிடிடி என்பது ஏடிடி என்று சுருங்குகிறது. ஏடிசி, ஏடிடி இரண்டுமே ஐசோலூசின் என்பதால் 508ஆம் அமினோ அமிலமான ஃபினைல்அலனின் மட்டும் காணாமல் போகிறது, பின்வரிசை குலையவில்லை. நோய் கடுமையானதுதான், ஆனாலும் அது பெயர்ச்சி இல்லை. ‘எழுத்திழப்பு’ என்று பெயர் வைத்திருந்தால் இதையும் அதில் சேர்த்துவிடுவார்கள்.

எதிர்ப்பக்கம், நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகையில் அடிக்கடி காணும் 41-42 கோடான் மாற்றம்: டிடிசிடி என்ற 4 எழுத்து போகிறது. 146 அமினோ அமிலம் நீளவேண்டிய பீட்டா குளோபின், 59ஆம் இடத்தில் புதிதாக முளைத்த, ‘புரதம் இத்தோடு முடிந்தது’ என்று சொல்லும் நிறுத்தக் கோடானில் முடிந்துவிடும். 64 கோடான்களில் 3 நிறுத்தக் கோடான்கள்; வரிசை குலைந்துவிட்டால் சீக்கிரமே ஒன்றில் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். அரைகுறைப் புரதம்கூடப் பெரும்பாலும் மிஞ்சாது, தூது ஆர்.என்.ஏ.வையே செல் சிதைத்துவிடும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடு: 3 போனது, 4 போனது. அதற்குக் கீழே சொல்லைக் கொடு.